மல்லி விலையும் காலிக் கட்டமும்: எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டாட்டா, ஆர் – எதில் போடலாம்?

மதுரை நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிற்றுக்கிழமையானால் ஆராய்ச்சி மாணவர்கள் மூன்று நான்கு பேர் மடிக்கணினியோடு வந்துவிடுவார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எஸ்.பி.எஸ்.எஸ். போதுமா, ஆர் படிக்கணுமா?" எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டாட்டா, ஆர் மூன்றும் சர்வேத் தரவைக் கணக்குப் போடும் புள்ளியியல் மென்பொருள்கள். சராசரி, டி-சோதனை, ரிக்ரெஷன் எல்லாம் ஒரே முறையில் போட்டால் எதிலும் விடை ஒன்றுதான். வேறுபடுவது, கட்டளையை எப்படி எழுதுகிறோம், பதில் இல்லாத காலிக் கட்டத்தை மென்பொருள் எப்படிப் பார்க்கிறது, தரவு எந்தக் கோப்பில் தங்குகிறது என்பதில்.

போன மாதம் ஒரு தங்கச்சி உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைப்பூ விவசாயிகளிடம் கேள்வித்தாள் நிரப்பிக் கொண்டுவந்தார். கிலோவுக்குக் கிடைத்த விலையைச் சொல்லாதவர்களுக்கெல்லாம் 99 என்று போட்டிருந்தார். வகுப்பில் சொல்லித்தரும் வழக்கம்தான். ஆனால் வரத்து அதிகமான நாளில் மல்லி நூறு ரூபாயை ஒட்டியும் இறங்கும். முகூர்த்த நாளில் ஆயிரத்தையும் தாண்டும். எந்த 99 விலை, எந்த 99 பதிலில்லாதது? தாள்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் புரட்டி, பதில் இல்லாததை மைனஸ் 9 என்று மாற்றினோம். அதே தரவை மூன்று மென்பொருளிலும் ஓட்டிப் பார்த்தோம்.

எஸ்.பி.எஸ்.எஸ். 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது; 2009-ல் ஐ.பி.எம். வாங்கியது. இதன் கட்டளை மொழி படிக்க எளிது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பார்க்காது. கட்டளை முடிந்ததும் ஒரு முற்றுப்புள்ளி வேண்டும், அவ்வளவுதான். விடுபட்ட பதிலின் குறியை அறிவிக்கும் 'மிஸ்ஸிங் வேல்யூஸ்' கட்டளையில் மைனஸ் 9 என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அது எஸ்.ஏ.வி. என்ற இதன் தரவுக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். '1 சொந்த நிலம், 2 குத்தகை' என்ற லேபிள்களும் அப்படித்தான். அந்தக் கோப்பை இன்னொருவருக்கு அனுப்பினால் விளக்கத் தாள் தனியாக அனுப்ப வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எஸ்.ஏ.வி.யை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தமிழில் லேபிள் எழுதலாம். ஆனால் ஒரு லேபிளுக்கு 120 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழில் உயிர்மெய்க் குறி ஒவ்வொன்றும்கூடத் தனியாக 3 பைட் பிடிக்கும். 'குத்தகை' என்ற சொல்லுக்கே 21 பைட் போய்விடும். சுருக்கமாக எழுதுங்கள்.

மென்பொருளின் விலைதான் தடை. அதற்குப் பி.எஸ்.பி.பி. இருக்கிறது: குனு திட்டத்தின் இலவச மென்பொருள். எஸ்.பி.எஸ்.எஸ். கட்டளைகளில் பலவற்றை அப்படியே ஏற்கும், எஸ்.ஏ.வி. கோப்பையும் திறக்கும். முதுகலை அளவு சர்வேக்கு இது தாராளம்.

ஸ்டாட்டா 1985-ல் வந்தது. பொருளாதாரத் துறைக்காரர்கள் விடமாட்டார்கள். கட்டளைகள் குட்டியாகவும் ஒழுங்காகவும் இருக்கும். விடுபட்ட பதிலுக்கு வெறும் புள்ளி ஒன்று, புள்ளியோடு ஏ முதல் இசட் வரை 26, ஆக 27 குறிகள். 'தெரியாது', 'சொல்ல மறுத்தார்' இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம். சரி, இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. விடுபட்ட பதிலை ஸ்டாட்டா எல்லா எண்ணையும்விடப் பெரியதாகக் கருதும். 'விலை 1000-க்கு மேல்' என்று கேட்டால், வாயே திறக்காத விவசாயிகளும் ஆயிரத்துக்கு மேல் விற்றவர்கள் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மைனஸ் 9-ஐப் புள்ளியாக மாற்றியதும் எங்கள் தரவிலும் அதேதான் நடந்தது. எண்ணிக்கை உப்பியதைப் பார்த்துத்தான் சுதாரித்தோம். 'விடுபடாதவை மட்டும்' என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுதுங்கள். சாஸ் என்ற மென்பொருளில் இது தலைகீழ்: அங்கே விடுபட்டது எல்லாவற்றையும்விடச் சிறியது. அப்புறம், ஸ்டாட்டாவின் டி.டி.ஏ. தரவுக் கோப்பின் வடிவம் சில பதிப்புகளில் மாறியிருக்கிறது. 14-ம் பதிப்பில் சேமித்ததை 13 திறக்காது. 'சேவ்ஓல்ட்' கட்டளையில் பழைய வடிவத்துக்கு இறக்கித் தர வேண்டும்.

ஆர், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கியது. முழுக்க இலவசம். முதல் ஒரு மாதம் திணறுவீர்கள்: அடைப்புக்குறி ஒன்று விட்டாலும் நிற்கும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் நிற்கும். ஆனால் விடுபட்ட பதில் ஒன்று இருந்தால்கூட, சராசரி கேட்டதும் எண்ணுக்குப் பதில் 'என்.ஏ.' (மதிப்பு இல்லை) என்று திருப்பித் தரும். புதியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அதுதான் நம்பிக்கை. விடுபட்டவற்றை நீக்கச் சொல்லி நாமே எழுதினால்தான் நீக்கும். சராசரி போடும்போது நமக்குத் தெரியாமல் எதையும் ஒதுக்காது. ஆரில் சேர்த்துக்கொள்ளும் 'ஹேவன்' தொகுப்பு எஸ்.ஏ.வி., டி.டி.ஏ. இரண்டையும் லேபிளோடு படிக்கும். ஒன்று கவனியுங்கள்: எஸ்.ஏ.வி.யில் நாம் அறிவித்த மைனஸ் 9 எல்லாம் வெறும் என்.ஏ. ஆகிவிடும், குறியீடு அப்படியே வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். விண்டோஸில் தமிழ் எழுத்து சிதையும் தொல்லை, யூ.டி.எஃப்-8 வந்த 4.2 பதிப்பிலிருந்து (2022) பெரிதும் குறைந்துவிட்டது.

சி.எஸ்.வி.யைப் பற்றியும் சொல்ல வேண்டும்: காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. எங்கும் திறக்கும், எந்தக் காலத்திலும் திறக்கும். லேபிள் மட்டும் தங்காது. எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறக்காதீர்கள். '5/12' என்ற கதவு எண் டிசம்பர் 5 ஆகிவிடும். அப்படியே சேமித்தால் பழைய எண் திரும்ப வராது. ஊர்ப் பெயர் தமிழில் இருந்தால் சில சமயம் அதுவும் சிதைந்து தெரியும்.

பிஎச்.டி. செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஆர்தான். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டியவர்களுக்கும், கைடுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். மட்டுமே பழக்கம் என்பவர்களுக்கும் பி.எஸ்.பி.பி. போதும். தேசியக் குடும்ப நல ஆய்வுத் தரவை எடுப்பவர்கள் ஸ்டாட்டா கோப்பை இறக்கி ஆரிலேயே திறந்துகொள்ளலாம். மூலத் தரவின் பிரதி ஒன்று, யாரும் தொடாமல், சி.எஸ்.வி.யாக இருக்கட்டும்.

எஸ்.பி.எஸ்.எஸ். மெனுவை விட்டு வர முடியாதவர்கள், ஓ.கே.வுக்குப் பக்கத்தில் இருக்கும் 'பேஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். நீங்கள் சொடுக்கியதெல்லாம் கட்டளையாக எழுதப்பட்டு வரும்; பி.எஸ்.பி.பி.யிலும் இந்தப் பொத்தான் உண்டு. அந்தத் தங்கச்சியும் அப்படித்தான் ஆரம்பித்தார். மைனஸ் 9 மாற்றிய பிறகு பதினொரு அட்டவணையையும் திரும்பப் போட வேண்டியிருந்தது. கட்டளைக் கோப்பைத் திறந்து ஒரே ஓட்டமாக ஓட்டினார். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது.