ஒதுங்குவதா, உதவுவதா, இறங்குவதா: 1940-41இல் அமெரிக்காவின் முன் இருந்த மூன்று வழிகள்

ஹவாயில் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் ஜப்பானின் குண்டு விழுந்தது, அமெரிக்கா போரில் குதித்தது. இரண்டாம் உலகப் போரை நம்மில் பலர் இப்படித்தான் படித்திருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தேசத்தின் மனம் மாறிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததிலிருந்து 1941 டிசம்பர் வரை, ஒன்றரை ஆண்டு அந்த நாடு இதைப் பற்றிப் பேசிப் பேசிச் சண்டை போட்டது. குடும்பங்கள் பிரிந்தன, பல்கலைக்கழகங்கள் பிரிந்தன, இரண்டு கட்சிகளுக்குள்ளும் பிளவு வந்தது. மேசையில் மூன்று வழிகள் இருந்தன. எதைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று இன்று கேட்டால் எல்லோரும் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு இருந்த தகவலை வைத்துக்கொண்டு பார்த்தால் அது அவ்வளவு சுலபமில்லை.

முதலில், ஒதுங்கியிருக்க நினைத்தவர்களைக் கோழைகள் என்று தள்ளிவிடக் கூடாது. முதல் உலகப் போரில் 1,16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஜனநாயகத்தைக் காக்கும் போர் என்று சொல்லி அனுப்பினார்கள். இருபது வருடத்தில் ஐரோப்பா மறுபடியும் பழைய இடத்தில் வந்து நின்றது. அமெரிக்காவிடம் வாங்கிய கடனைப் பெரும்பாலான நாடுகள் திருப்பித் தரவில்லை. 1934இல் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, ஆயுத வியாபாரிகளும் வங்கிகளும் அந்தப் போரில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதை வெளியே கொண்டுவந்தது. அதன் விளைவுதான் 1935, 1936, 1937 ஆண்டுகளின் நடுநிலைச் சட்டங்கள்: போரிடும் நாட்டுக்கு ஆயுதம் விற்காதே, கடன் கொடுக்காதே, அவர்கள் கப்பலில் பயணம் செய்யாதே. 1938 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாடு தாக்கப்பட்டால் ஒழிய, மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் போர் அறிவிக்கக் கூடாது என்ற லட்லோ திருத்தத்தை விவாதத்துக்கு எடுக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 188-209 என்ற கணக்கில்தான் தோற்றது. போரினால் ஏமாற்றப்பட்ட ஒரு மக்கள்கூட்டம் போட்டுக்கொண்ட பாதுகாப்பு வேலி அது. அதை நான் மதிக்கிறேன்.

முதல் வழி: ஒதுங்கியே இருப்போம்

1940 செப்டம்பரில் யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் தொடங்கிய 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' கமிட்டி இந்தத் தரப்பின் முகம். சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜெனரல் ராபர்ட் வுட் அதற்குத் தலைமை ஏற்றார். உச்சத்தில் சுமார் 8 லட்சம் உறுப்பினர்கள். பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு ஆரம்பத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். இளைஞர் ஜான் கென்னடி 100 டாலர் அனுப்பினார். கமிட்டியின் மேடைகளில் சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸும் பேசினார். வலதும் இடதும் அதில் கலந்தே இருந்தன.

அவர்கள் வாதம் இதுதான். ஆங்கிலக் கால்வாயையே தாண்ட முடியாத ஜெர்மனி அட்லாண்டிக்கை எப்படித் தாண்டும்? நாட்டுப் பாதுகாப்பைப் பலப்படுத்தினால் எவனும் கிட்டே வர முடியாது. போருக்கு உதவுகிறேன் என்று ஆரம்பித்தால் கடைசியில் போரில்தான் போய் நிற்போம்.

இந்தக் கடைசி வரி அப்படியே பலித்தது. அதை அவர்கள் கணக்கில் எழுதியே ஆக வேண்டும். ஆனால் அட்லாண்டிக் அகழியாக இருந்ததற்குக் காரணம் தண்ணீர் மட்டுமல்ல, அதில் மிதந்த பிரிட்டிஷ் கடற்படையும்தான். பிரிட்டன் வீழ்ந்தால் அந்தக் கடல் யாருடையது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அதைவிட மோசம், தங்கள் சொந்த நிபந்தனையிலேயே அவர்கள் தவறினார்கள். அசைக்க முடியாத பாதுகாப்பு வேண்டும் என்ற அணியின் பெரிய குரல்களான செனட்டர்கள் வீலரும் நையும் 1940இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை எதிர்த்தார்கள். படை இல்லாமல் கோட்டை எப்படி?

அப்புறம் லிண்ட்பெர்க். அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த அந்த மாபெரும் நாயகன், 1941 செப்டம்பர் 11 அன்று அயோவா மாநிலத்தின் டெ மொய்ன் நகரில் பேசும்போது, நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்கள் என்று பிரிட்டிஷாரையும் யூதர்களையும் அதிபர் ரூஸ்வெல்டின் அரசையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். ஐரோப்பாவில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட நேரம் அது. இரண்டு வருடத்துக்கு முன்புதான், 1939இல், 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பல் புளோரிடாக் கரை வரை வந்தும் இறங்க அனுமதி இல்லாமல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பியது ரூஸ்வெல்டின் அரசு, இந்தக் கமிட்டி அல்ல. ஆனாலும் லிண்ட்பெர்க்கின் பேச்சுக்குப் பிறகு அந்த இயக்கத்தின் நல்ல வாதங்களையும் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வழி: உதவுவோம், சண்டைக்குப் போக மாட்டோம்

கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிறிய ஊரில் பத்திரிகை நடத்திய வில்லியம் ஆலன் ஒயிட், நேச நாடுகளுக்கு உதவும் கமிட்டியை 1940 மே மாதம் தொடங்கினார். ரூஸ்வெல்ட் வெளிப்படையாக எடுத்த நிலையும் ஏறத்தாழ இதுவே. பிரிட்டன் சண்டை போடட்டும், ஆயுதம் நாம் தருவோம்.

இந்த வழி எவ்வளவு கோணலாக நடந்தது என்பதற்கு ஒரு காட்சி. 1939 நவம்பரில் திருத்திய நடுநிலைச் சட்டப்படி ஆயுதம் விற்கலாம், ஆனால் வாங்குபவர் ரொக்கமாகப் பணம் கொடுத்துத் தானே எடுத்துப் போக வேண்டும். கனடா அப்போது போரில் இருந்த நாடு. விமானத்தை அமெரிக்க விமானி அங்கே ஓட்டிக்கொண்டு போனால் சட்டமீறல். அதனால் 1940இன் தொடக்கத்தில் வட டகோட்டாவின் பெம்பினாவில், எல்லைக்கு இந்தப் பக்கம் போர் விமானத்தை இறக்கி, குதிரைகளைப் பூட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள். அங்கிருந்து அது பறந்து போனது. சட்டமும் மீறப்படவில்லை, விமானமும் போய்ச் சேர்ந்தது.

1940 செப்டம்பரில் பழைய நாசகாரிப் போர்க்கப்பல்கள் 50ஐப் பிரிட்டனுக்குக் கொடுத்து, நியூஃபவுண்ட்லாந்து முதல் கரீபியன் வரை தளங்களை 99 ஆண்டு குத்தகைக்கு வாங்கினார் ரூஸ்வெல்ட். காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்கவில்லை. ஆண்டு முடிவில் பிரிட்டனிடம் டாலரே இல்லை. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் தோட்டக் குழாயை விலை பேசிக்கொண்டா இருப்போம் என்று ரூஸ்வெல்ட் நிருபர்களிடம் கேட்டது அப்போதுதான். உடனே பணம் கேட்காமல் ஆயுதத்தைக் கடனாகவோ குத்தகையாகவோ கொடுக்க வழி செய்த கடன்-குத்தகைச் சட்டம் செனட்டில் 60-31 என்று நிறைவேறி, 1941 மார்ச் 11 அன்று கையெழுத்தானது. முதல் ஒதுக்கீடு மட்டும் 700 கோடி டாலர். போர் முடிவதற்குள் மொத்தம் 5,000 கோடி டாலர் அளவுக்குப் போனது.

சரி, கொடுத்த சரக்கை ஜெர்மன் நீர்மூழ்கி நடுக்கடலில் மூழ்கடித்தால்? காவலுக்கு யார் போவது? இந்தக் கேள்வியில்தான் இரண்டாவது வழி உடைந்தது. 1941 ஜூலையில் அமெரிக்கப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. அக்டோபர் 17 அன்று கியர்னி என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தாக்கப்பட்டு 11 பேர் இறந்தார்கள். அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற இன்னொரு போர்க்கப்பல் மூழ்கி, 100 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். இன்னும் போர் அறிவிக்கப்படவில்லை! ஒயிட் இதை முன்பே உணர்ந்திருந்தார். தன் கமிட்டி போரை நோக்கிச் சரிகிறது என்று கண்டு 1941 ஜனவரியிலேயே விலகிவிட்டார்.

மூன்றாவது வழி: இறங்கிவிடுவோம்

1941 ஏப்ரலில் உருவான 'ஃபைட் ஃபார் ஃப்ரீடம்' கமிட்டி மூன்றிலும் சிறியது, ஆனால் நேர்மையானது. உதவியால் பிரிட்டன் உயிரோடு இருக்கலாம், ஐரோப்பாவை மீட்க முடியாது. அதற்கு அமெரிக்கப் படை போக வேண்டும். அதை மக்களிடம் நேராகச் சொல்லுங்கள் என்றது.

சொன்னது சரி. ஆனால் எதை வைத்துக்கொண்டு போவது? 1939இல் அமெரிக்கத் தரைப்படை மொத்தமே சுமார் 1,90,000 பேர். கட்டாயச் சேவைச் சட்டத்தால் ஆள் சேர்ந்தது, ஆயுதம் சேரவில்லை. பயிற்சியில் லாரியின் பக்கத்தில் 'டாங்க்' என்று எழுதி மாட்டி அதை டாங்காகப் பாவித்தார்கள். ஓராண்டு என்று சொல்லிச் சேர்த்த பையன்கள், அக்டோபரில் ஓடிவிடுவோம் என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஓஹியோ' என்று முகாம் சுவர்களில் கிறுக்கினார்கள். அவர்களது சேவையை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்ட் 12 அன்று பிரதிநிதிகள் சபையில் 203-202 என்று ஒரே ஒரு வாக்கில் பிழைத்தது. சபாநாயகர் சாம் ரேபர்ன் முடிவை அறிவித்துவிட்டு, மறுபரிசீலனைக்கு வழியே விடவில்லை. பேர்ல் ஹார்பருக்கு நான்கு மாதம் முன்பு இதுதான் நிலைமை. அந்தச் சபை போர் அறிவிப்புக்குச் சம்மதித்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எது மேல்?

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் என் கணக்கில் எடை கூடுவது காலத்துக்குத்தான். 1940 ஜூலையில் நிறைவேறிய 'இரு பெருங்கடல் கடற்படை' சட்டம் கடற்படையை 70 சதவீதம் பெரிதாக்க வழி செய்தது. ஆனால் கப்பல் ஓராண்டில் வளராது. பசிபிக்கில் ஜப்பானை முறியடித்த விமானந்தாங்கி வரிசையின் முதல் கப்பல் எசெக்ஸை 1941 ஏப்ரலில் கட்டத் தொடங்கினார்கள். அது கடற்படையில் சேர்ந்தது 1942 டிசம்பர் 31 அன்று. ஹென்றி ஃபோர்டு, பிரிட்டனுக்காக ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சின் செய்துதர மறுத்ததும், அந்த வேலையை பேக்கார்டு நிறுவனம் எடுத்ததும் 1940இல்தான். பிரிட்டன் தாக்குப்பிடித்த ஒவ்வொரு மாதமும் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குக் கிடைத்த மாதம். முதல் வழி பிரிட்டனை இழந்திருக்கும். மூன்றாவது வழி 1941 வசந்தத்தில் ஆயுதமில்லாத படையையும் பிளவுபட்ட நாட்டையும் களத்தில் இறக்கியிருக்கும். இரண்டாவது வழி சொன்னபடி அமைதியைத் தரவில்லை, ஆனால் நேரத்தைத் தந்தது. அதனால் என் தேர்வு அதுதான்.

மூன்று தரப்பும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. எல்லோரும் அட்லாண்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், போர் பசிபிக்கிலிருந்து வந்தது. 1941 ஜூலையில் ஜப்பானின் சொத்துகளை முடக்கி எண்ணெயையும் நிறுத்தியபோது, பெரும்பகுதி எண்ணெய்க்கு அமெரிக்காவை நம்பியிருந்த ஜப்பானுக்குப் பணிவது, இல்லையேல் போரிடுவது என்று இரண்டே வழிகள் மிஞ்சின. டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்குதலில் 2,403 பேர் இறந்தார்கள். மறுநாள் பிரதிநிதிகள் சபை 388-1 என்று போருக்கு வாக்களித்தது. அந்த ஒரு வாக்கு, 1917இலும் எதிர்த்து வாக்களித்த மொன்டானாவின் ஜெனட் ராங்கின் போட்டது. அன்று ரூஸ்வெல்ட் கேட்டது ஜப்பான் மீதான போர் மட்டுமே. ஜெர்மனியோடு போர் டிசம்பர் 11 அன்று ஹிட்லரே அறிவித்ததால் வந்தது.

இந்தியாவிலிருந்து பார்க்கும்போது எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். அமெரிக்கர்களுக்குத் தங்களுக்குள் முட்டி மோதிக்கொள்ள இரண்டு வருடம் இருந்தது, நமக்கு ஒரு நாள்கூட இல்லை. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் பிரகடனம், எல்லா மக்களுக்கும் தங்கள் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது. அடுத்த மாதமே சர்ச்சில், அது இந்தியாவுக்கென்று வந்தது அல்ல என்று தன் நாடாளுமன்றத்தில் விளக்கினார். பிரிட்டிஷ் பேரரசைக் காப்பாற்ற நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்று அமெரிக்கா ஃபர்ஸ்ட் கேட்டதில் உண்மை இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

நான் தேர்ந்த வழியின் விலையையும் சொல்லிவிட வேண்டும். 1940 அக்டோபர் 30 அன்று பாஸ்டனில், உங்கள் பிள்ளைகளை எந்த வெளிநாட்டுப் போருக்கும் அனுப்ப மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் வாக்குக் கொடுத்தார். 1941 செப்டம்பர் 4 அன்று கிரீர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மீது ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ விட்டபோது, எச்சரிக்கையே இல்லாமல் அது முதலில் சுட்டது என்று வானொலியில் சொன்னார். கிரீர் அந்த நீர்மூழ்கியைப் பின்தொடர்ந்து, அது இருக்கும் இடத்தைப் பிரிட்டிஷ் விமானத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்ததையும், அந்த விமானம் முதலில் குண்டு போட்டதையும் சொல்லவில்லை. நோக்கம் நல்லது, ஹிட்லரைத் தடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு நாட்டைப் போருக்கு அழைத்துப் போகிறவர், போகும் பாதையை மறைக்கலாம் என்பது அன்றிலிருந்து முன்னுதாரணமாகிவிட்டது. வியட்நாம் போர்க் காலத்தில் செனட்டர் ஃபுல்பிரைட் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: நல்ல காரியத்துக்காக ரூஸ்வெல்ட் செய்த சூது, மோசமான காரியத்துக்காக அதிபர் லிண்டன் ஜான்சன் அதையே செய்வதைச் சுலபமாக்கிவிட்டது என்று.