807 டிரான்ஸ்மிட்டரில் கருகிய ரெசிஸ்டர்: மாற்றி நாலு வருஷம் ஆன பிறகு

மூத்த ஹாம் (அமெச்சூர் வானொலிக்காரர்) ஒருவரிடம் வாங்கிய வீட்டுத் தயாரிப்பு டிரான்ஸ்மிட்டர். கடைசிக் கட்டத்தில் ஒற்றை 807 வால்வு (வெற்றிடக் குழாய்), அதன் நேர்மின்முனையான பிளேட்டுக்கு 600 வோல்ட், 40 மீட்டர் அலைவரிசையில் மோர்ஸ் மட்டும். வந்த மூன்றாம் வாரமே, வால்வுக்குள் இருக்கும் ஸ்க்ரீன் கிரிட் என்ற வலைக்கு வோல்ட்டை இறக்கித் தரும் ரெசிஸ்டர் கருகிவிட்டது. வண்ணப் பட்டை ஒன்றும் தெரியவில்லை, கணக்குப் போட்டுத்தான் மதிப்பை எடுத்தேன். 600 வோல்ட்டை 250-க்கு இறக்க வேண்டும், ஸ்க்ரீன் சுமார் 7 மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்படியானால் 50 கிலோ ஓம்.

இரண்டரை வாட் சூடாகும் இடத்தில் 5 வாட் ரெசிஸ்டர் ஏன் கருக வேண்டும்? அன்று இதை யோசிக்காமல் புதிதாக ஒன்றைப் போட்டேன். பத்து நிமிடத்தில் அதே வாசனை, பிளேட் கரண்ட்டும் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்! ஸ்க்ரீனுக்கும் சேசிஸுக்கும் (உலோக அடித்தட்டு) நடுவே இருந்த பழைய பேப்பர் கண்டென்சர் ஷார்ட். 600 வோல்ட்டும் ரெசிஸ்டர் மேலேயே விழுந்து 7.2 வாட் ஆகியிருக்கிறது.

அந்த இடத்தில் 1 கிலோ வோல்ட் டிஸ்க் செராமிக் கண்டென்சர் போட்டேன். ரெசிஸ்டருக்கு, 10 கிலோ ஓம் 2 வாட் மெட்டல் ஆக்சைடு ஐந்தைத் தொடராகச் சேர்த்தேன். வாட் மட்டும் பார்த்தால் போதாது, ரெசிஸ்டருக்கு வோல்ட் வரம்பும் உண்டு. இப்படிப் பிரித்தால் ஒன்றுக்கு 70 வோல்ட்தான்.

அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. அணைத்து ஒரு நிமிடம் கழித்தும் மீட்டர் 400 வோல்ட் காட்டியது. ஃபில்டர் கண்டென்சரில் தேங்கிய மின்சாரத்தை வடிக்கும் 25 கிலோ ஓம் பிளீடர் ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருந்தது. கை வைத்திருந்தால் உயிர் போயிருக்கும். அன்றிலிருந்து, பிளக்கைப் பிடுங்கி, எர்த் கம்பி கட்டிய குச்சியால் தொட்ட பிறகே உள்ளே கை வைக்கிறேன். தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பிளேட் தொப்பி அருகே, மேலே கம்பி சுற்றிய 47 ஓம் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் மட்டும் வயர்வவுண்ட் (உள்ளேயும் கம்பி சுற்றியே செய்த ரெசிஸ்டர்) போடாதீர்கள். அதுவே ஒரு சுருள், தேவையில்லாத அலைவை அடக்காது. நான் கார்பன் காம்போசிஷனையே (கார்பன் தூளை அழுத்திச் செய்த ரெசிஸ்டர்) போட்டேன்.

வருடம் ஒருமுறை அளக்கிறேன். ஸ்க்ரீன் வரிசை இன்றும் 50.3 கிலோ ஓம். ஈரத்தை உறிஞ்சும் கார்பன்கள்தான் ஏறுகின்றன: 15 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டர் 21 காட்டியது, மாற்றிவிட்டேன். பிளேட் பக்கத்து 47 இப்போது 56. அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது அதையும் மாற்ற வேண்டும்.