கத்திரி வெயிலும் எங்கள் செல் கல்ச்சர் இன்குபேட்டரும்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து என் ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். புதிதாக லேப் தொடங்குகிறாள். "அக்கா, நீங்க வச்சிருக்கிற அதே மாடல் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கிடலாமா?" அன்றுதான் எங்கள் இன்குபேட்டருக்கு (செல்களை உடல் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டி) ஃபேன் மோட்டார் மாற்றிவிட்டு சர்வீஸ் இன்ஜினியர் கிளம்பியிருந்தார். இருந்த கோபத்தில் படபடவென்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு முழுசாகப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் லேப் தரமணியில். ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு செல்களைப் பிரித்து வளர்ப்பது எங்கள் வேலை. டி செல்லும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜும்தான் பெரும்பாலும். 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, நிறைய ஈரப்பதம் என்பதெல்லாம் எந்த இன்குபேட்டரிலும் கிடைக்கும். யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது.

அறை வெப்பம், நாம் வைக்கும் அளவைவிடக் குறைந்தது 5 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும். மேனுவலின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இது இருக்கிறது. உள்ளே ஓடும் ஃபேனும், கண்ணாடியில் நீர் படியாமல் இருக்கக் கதவுக்குள் வைத்திருக்கும் ஹீட்டரும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பம் தந்துகொண்டே இருக்கும். அந்த வெப்பம் வெளியே போக, அறை குளிர்ந்திருக்க வேண்டும். அறை 35-க்கு ஏறினால் பெட்டி ஹீட்டரை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியாது. செல்களுக்கு உணவாக நாங்கள் ஊற்றும் ஆர்பிஎம்ஐ 1640 மீடியம்கூட 1960-களில் பஃபலோ நகரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. பனி கொட்டும் ஊர். அங்கே இப்படி ஒரு கவலையே வந்திருக்காது. மே மாதச் சென்னையில் ஏசி நின்ற அறை ராத்திரியில்கூட எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

இந்த வருடக் கத்திரியில், ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது, இன்குபேட்டர் நிற்கவே இல்லை. ஆனால் அறை ஏசி ஜெனரேட்டர் லைனில் இல்லை. கரண்ட் திரும்பி வந்த பிறகும் அது தானாக ஓடத் தொடங்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு செக்யூரிட்டி அண்ணன் கூப்பிட்டார். "மேடம், உங்க பொட்டி ரொம்ப நேரமா கத்திக்கினே இருக்கும்மா." வேளச்சேரியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது டிஸ்பிளேயில் 40.3.

ஜுர்காட் செல்லோ, டிஹெச்பி-1 செல்லோ என்றால் இவ்வளவு வலித்திருக்காது. அவை பல வருடங்களுக்கு முன் லூகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த இரண்டு சிறுவர்களிடமிருந்து எடுத்து, இன்றுவரை உலகமெங்கும் பெருகிக்கொண்டிருப்பவை. ஒரு குப்பி கெட்டால் திரவ நைட்ரஜனிலிருந்து இன்னொன்றை எடுத்து உருக்கிக்கொள்ளலாம். அன்று உள்ளே இருந்தவை மேக்ரோஃபேஜ்கள், ஆறாவது நாள். பக்கத்து டிபார்ட்மென்ட் அட்டெண்டர் அண்ணன் கொடுத்த 20 மில்லி ரத்தம். ஒரு மில்லியில் சுமார் 10 லட்சம் வெள்ளணுக்கள் பிரித்தெடுக்க முடியும். அதில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் மோனோசைட். பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிக்கொண்டு, ஒரு வாரம் காத்திருந்து மேக்ரோஃபேஜாக மாறும். அவை பெருகுவதே இல்லை. போனால் போனதுதான்.

அந்த அண்ணன் தினமும் காலையில் எட்டிப் பார்த்து, "என் செல்லுங்க எப்டிம்மா இருக்கு?" என்று கேட்பார். திங்கட்கிழமையும் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். "அதுக்கென்னம்மா, இன்னொரு தபா எடுத்துக்க" என்று சட்டைக் கையை மடித்தார். அப்படி உடனே எடுக்க எங்கள் எதிக்ஸ் அனுமதியில் இடமில்லை. இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

பெட்டியின் பின்பக்கம் அலாரத்தை வெளியே இழுக்க ஒரு சின்ன இணைப்பு இருக்கிறது. அதில் ஒரு டயலர் மாட்டினால் நம் போனுக்கே அழைப்பு வரும். ஆறு வருடத்தில் வந்துபோன எந்த இன்ஜினியரும் இதைச் சொல்லவில்லை. போன வாரம் ஃபேன் மாற்ற வந்தவர், பெட்டியை நகர்த்தும்போது போகிறபோக்கில் சொன்னார். என் கோபத்தில் பாதி அதற்குத்தான்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்தப் பெட்டி எங்களுக்குக் கொடுத்தது நிறைய. கதவைத் திறந்து மூடினால் சில நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். 180 டிகிரியில் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி அருமை. ஆறு வருடத்தில் இரண்டே முறைதான் பூஞ்சை வந்தது. இரண்டுமே எங்கள் தப்பு. ஏசிக் காற்று நேராகக் கதவில் அடித்ததால் உள் கண்ணாடி ஓரத்தில் நீர் கோத்து, அங்கிருந்துதான் கிளம்பியது. ஏசியின் திசையை மாற்றியதும் நின்றுவிட்டது.

அப்புறம் டி செல்கள். பிரித்த அன்று பார்த்தால் மணல் தூவியதுபோலக் குட்டிக் குட்டியாகச் சும்மா கிடக்கும். டி செல்லின் மேலுள்ள சிடி3, சிடி28 புரதங்களைப் பிடித்துத் தூண்டும் ஆன்டிபாடி பூசிய மணிகளையும், ஐஎல்-2 என்ற வளர்ச்சிக் காரணியையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டு, மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். திராட்சைக் குலை மாதிரி கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் பருத்துப்போய் இருக்கும். மீடியம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியிருக்கும். தின்று பெருகுகின்றன என்று அர்த்தம். 1976-இல் இந்த வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடிக்கும்வரை மனித டி செல்லை நீண்ட நாள் வளர்க்கவே வழியில்லாமல் இருந்தது. இப்போது முதல் வருட மாணவி ஒருத்தி அதைச் செய்துவிட்டு, "மேடம், வந்து பாருங்களேன்" என்று ஓடி வருகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஃபேன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக மேக்ரோஃபேஜ்கள் தட்டு முழுக்கப் பரவாமல் வளையம் வளையமாக ஒதுங்கின. தட்டைச் சுழற்றி வைக்கிறீர்கள் என்று மாணவர்களைத் திட்டினேன். ஃபேன் தேய்ந்து வந்த அதிர்வு அது. மோட்டார் மாற்றிய பிறகு வளையம் இல்லை. திட்டியதற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

எந்த மாடல் வாங்கினாலும் இரண்டு விஷயத்தை மறக்காதே. ஈரப்பதத் தட்டில் மெட்ரோ வாட்டர் ஊற்றாதே, குளோரின் எஃகை அரிக்கும். ஆட்டோகிளேவ் செய்த (நீராவியில் கிருமி நீக்கிய) டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வாரா வாரம் மாற்று. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் பிரஷர் முள்ளை நம்பாதே, உள்ளே திரவம் இருக்கும்வரை அது இறங்காது, தீரும் நேரத்தில் சடாரென்று விழும். எடை போட்டுப் பார்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் என் பதில் வாங்காதே என்பதுதான். விலை குறைந்திருந்தாலும் வேண்டாம். குளிரூட்டும் வசதியோடு வரும் இன்குபேட்டர்களும் இருக்கின்றன. விலை அதிகம்தான், ஒரு வருடம் பொறுத்துப் பணம் சேர்த்து வாங்கு. உங்கள் ஊர் வெயிலும் லேசுப்பட்டதில்லை. அதற்குள் உன் அறைக்கு ஜெனரேட்டர் லைனில் இரண்டு ஏசி போட்டுத் தருகிறோம் என்று கல்லூரி எழுத்தில் கொடுத்தால், அப்போது என்னைக் கூப்பிடு, மறுபடி யோசிக்கலாம்.

டயலரை நேற்று மாட்டிவிட்டோம். ஏசியை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லிக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். அட்டெண்டர் அண்ணன் அடுத்த மாதம் ரத்தம் தர வருவதாகச் சொன்னார். லைன் மாறட்டும் அண்ணே, அதுக்கு அப்புறம் வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.