ஆண்டு முன்னால், நாள் பின்னால்

கிளிநொச்சிச் சுற்றுவட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லும் ஊர் நினைவுகளை 2017 முதல் வெறும் உரைக் கோப்புகளாக எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கே வரிகள்: தலைப்பு, நாள், இடம், சொன்னவர். தொடக்கத்தில் வகை, குறிச்சொல், பதிப்பு எண் என்று பதினொரு வரிகள் வைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்குள் பாதி வெறுமையாகக் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

நாள்தான் பாடாய்ப் படுத்தியது. 03/04/2017 என்று எழுதியிருந்தேன். எங்களுக்கு அது சித்திரை, அதாவது ஏப்ரல், மூன்றாம் திகதி. விரிதாள் செயலி அதை மார்ச் 4 ஆக்கிவிட்டது. அன்றிலிருந்து ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறைதான். 2018-12-22 என்று கோப்புப் பெயரைத் தொடங்கினால், பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். அந்த வருட வெள்ளத்தைப் பற்றிச் சொன்னவையெல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன.

சரி, மாதத்தை எழுத்தில் எழுதலாமே என்றும் பார்த்தேன். நாங்கள் டிசம்பரையும் மார்கழி என்போம். கோயில் கணக்கு மார்கழியோ டிசம்பர் நடுவில் தொடங்கிப் பொங்கலுக்கு முதல்நாள் முடியும். "மார்கழிக் கடைசியில குளம் வான் பாஞ்சது தம்பி" என்று குளம் நிரம்பி வழிந்ததைச் சொன்னார் ஓர் அம்மா. பொங்கலுக்குக் கிட்டவா என்று கேட்ட பிறகுதான் அது ஜனவரி என்று தெளிந்தது.

மணிக்கணக்கிலும் கவனம் வேண்டும். 1996இல் இலங்கை நேரத்தை முன்னே தள்ளியது. அதே வருடம் அரை மணி குறைத்து +06:00 (உலகப் பொது நேரத்துக்கு ஆறு மணி முன்) ஆக்கி, 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை வைத்திருந்தது. புலிகளின் நிர்வாகத்தில் இருந்த வன்னியில் பழைய +05:30தான். அக்காலத்து மணியை எழுதினால் எந்த நேரம் என்பதையும் பக்கத்தில் சேர்க்கிறேன்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றியதும் நல்லதாகப் போயிற்று. இப்போது எந்த போனிலும் திறக்கின்றன.

நான் செய்த பெரிய பிழை ஒன்று உண்டு. நாள் தெரியாத இடத்தில் 01 போட்டு நிரப்பினேன். தன் மகளின் தகப்பனைக் கடைசியாகக் கண்டதைச் சொன்ன தாயின் கோப்பில் 2009-04-01 என்று இருந்தது. மகள் அதை உண்மையான திகதி என்று நம்பிக் குறித்துக்கொண்டு போனார். வீடு தேடிப் போய்த் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. மாதம் மட்டும், ஆண்டு மட்டும் எழுதவும் ஐஎஸ்ஓ முறையில் இடமிருக்கிறது. இப்போது அந்தக் கோப்பில் உள்ள வரி: நாள்: 2009-04.