மூன்று பவுண்டு ரோபோவுக்கு எந்தச் சட்டகம்?

ரோபோ சண்டைப் போட்டிகளின் மூன்று பவுண்டுப் பிரிவில் ஒரு ரோபோவின் மொத்த எடையே 1.36 கிலோதான். மோட்டார், பேட்டரி, ஆயுதம் போக மிஞ்சுவதில்தான் சட்டகத்தைக் கட்ட வேண்டும். என் முதல் சண்டை ரோபோவை அலுமினியத்தில் கட்டினேன், இப்போது எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டேன். ஆகவே இந்த அலசலில் நடுநிலையைத் தேட வேண்டாம்.

அடர்த்திக் கணக்கு தெரிந்ததே. கன சென்டிமீட்டருக்கு அலுமினியம் 2.7 கிராம், கார்பன் ஃபைபர் தகடு சுமார் 1.6, எச்.டி.பி.இ. 0.95. மூன்றரை மி.மீ. அலுமினியத்தின் எடையில் பத்து மி.மீ. பிளாஸ்டிக் சுவர் கிடைத்துவிடும். விறைப்பில் அலுமினியம் எங்கோ மேலே இருக்கிறது, அதில் வாதமில்லை.

என்னை மாற்றியது இரண்டு சண்டைகளுக்கு நடுவே கிடைக்கும் அரைமணி நேரம். எதிராளியின் சுழல் ஆயுதம் அடித்ததில் என் அலுமினியச் சட்டகம் உடையவில்லை; இரண்டு மி.மீ. வளைந்தது, அவ்வளவுதான். ஆனால் வளைந்தது வளைந்தபடியே நின்றது. மேல்மூடியின் துளைகள் பொருந்தவில்லை, சக்கரம் சட்டகத்தில் உரசியது. தரையில் வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சண்டைக்கு அழைத்துவிட்டார்கள். எச்.டி.பி.இ. அடி வாங்கியதும் நெளிந்து, பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. பள்ளம் விழுந்தால் துருத்தும் பிசிறைக் கத்தியால் சீவினால் போதும். திருகுத் துளை தளர்ந்துவிட்டதா? சற்றுத் தள்ளி இன்னொரு துளை போட்டு மரத்திருகை நேரே ஏற்றலாம். அறுப்பதற்கும் மரம் அறுக்கும் ரம்பமே போதும். காய் நறுக்கும் வெள்ளைப் பலகைகள் பலவும் இதே பொருள்தான். என் முதல் பிளாஸ்டிக் சட்டகம் அப்படியொரு பலகையிலிருந்து வந்தது. அதற்காக வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கதை.

குறைகளும் உண்டு. பசை சரியாகப் பிடிக்காது, எல்லாவற்றையும் திருகித்தான் இணைக்க வேண்டும். சுழல் ஆயுதத்தின் அச்சைத் தாங்கும் பேரிங்குகளை இதில் நேரடியாகப் பொருத்தினால், சுவர் நெளியும்போது அச்சு கோணிக்கொண்டு, ஆயுதத்தைச் சுழற்றும் பெல்ட் கழன்றுவிடுகிறது. அந்த இடத்துக்கு மட்டும் அலுமினியத்தை வைத்திருக்கிறேன். எதிராளியைத் தள்ளும் ஆப்பு வடிவ ரோபோவுக்கு அதுவும் தேவையில்லை.

கார்பன் ஃபைபரை மூடிகளுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். முழுச் சட்டகமாக எப்படி அடி தாங்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. விறைப்பு அபாரம். ஆனால் அது மின்சாரம் கடத்தும். பேட்டரி வயர் உரசும் இடங்களில் டேப் ஒட்டியாக வேண்டும். ரேடியோ அலையையும் தடுப்பதால் ரிசீவரின் ஆன்டெனாவை அதற்குள் அடைத்துவைக்கக் கூடாது. அறுக்கும்போது தகட்டை ஈரமாக வைத்து, நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.