தனி ஆலோசனை மையத்துக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

மனநல ஆலோசகரைத் தேடுபவர் பெரும்பாலும் யாரிடமும் விசாரிப்பதில்லை. பல்வலி என்றால் பக்கத்து வீட்டில் கேட்டு டாக்டரைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு வாய் திறந்து கேட்கவே தயக்கம். எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்து ‘கவுன்சலிங் நியர் மீ’ என்று தட்டுவார், இல்லையென்றால் தமிழில் பேசித் தேடுவார். அப்போது மேப்போடு மேலே வரும் இரண்டு மூன்று பெயர்களில் உங்கள் பெயரும் இருக்க வேண்டுமானால் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் தேவை, அதாவது தேடலிலும் மேப்பிலும் உங்கள் மையத்தின் விவரங்களைக் காட்டும் இலவசப் பக்கம். ஓர் அறை, ஒரு போன் என்று தனியாக ப்ராக்டிஸ் செய்பவருக்குக் காசில்லாமல் கிடைப்பவற்றில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஆனால் இது கடைகளை மனதில் வைத்துச் செய்த கருவி. ஹோட்டலுக்கும் மொபைல் கடைக்கும் பொருந்துகிற சில வசதிகளை ஆலோசனை அறையில் அப்படியே கையாண்டால், நம்பி வந்தவரின் ரகசியம் தெருவுக்கு வந்துவிடும்.

2014 முதல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்ததுதான் 2021 நவம்பரில் இந்தப் பெயருக்கு மாறியது. தனி ஆப் இப்போது இல்லை. கூகுள் தேடலிலோ மேப்பிலோ உங்கள் கணக்கில் நுழைந்தே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழைய யூட்யூப் பாடங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இல்லாத பட்டன்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இலவச வெப்சைட் வசதி 2024 மார்ச்சிலும், ப்ரொஃபைலுக்குள்ளேயே இருந்த சாட் 2024 ஜூலையிலும் நிறுத்தப்பட்டுவிட்டன.

அதிகம் தவறு நடப்பது பெயர்க் கட்டத்தில்தான். ‘பெஸ்ட் சைக்காலஜிஸ்ட் இன் மதுரை, டிப்ரஷன், மேரேஜ் கவுன்சலிங்’ என்று நீட்டிப் போடச் சொல்லும் ஏஜென்சிகள் உண்டு. சில வாரம் மேலே வரவும் செய்யும். யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் பெயர் திருத்தப்படும், அல்லது ப்ரொஃபைலே சஸ்பெண்ட் ஆகும். பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுத்து பிசகாமல் போடுங்கள். இன்னொன்றும் முக்கியம்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெறாதவர் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று பெயரிலோ விவரத்திலோ போடக்கூடாது. எம்.எஸ்சி. உளவியல் முடித்து கவுன்சலிங் செய்பவர் தன் தகுதியை உள்ளபடி எழுதினாலே போதும். படிக்கிறவருக்கும் அதுதான் வேண்டும்.

அடுத்தது கேட்டகிரி, அதாவது கூகுளின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் தொழில் வகை. முதன்மையாக ஒன்று, கூடுதலாக 9 வரை வைக்கலாம். எந்தத் தேடலுக்கு உங்களைக் காட்டுவது என்பதில் முதன்மைக் கேட்டகிரிக்குப் பெரிய பங்கு. தம்பதியருக்கான ஆலோசனையே உங்கள் வேலையில் பாதிக்கு மேல் என்றால் திருமண ஆலோசகருக்கான கேட்டகிரி முன்னால் நிற்கட்டும். பொதுவான வேலை என்றால் ‘கவுன்சலர்’ அல்லது ‘சைக்கோதெரபிஸ்ட்’. பத்தையும் நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை, இரண்டு மூன்று போதும். மருந்து எழுதும் தகுதி இல்லாதவர் ‘சைக்கியாட்ரிஸ்ட்’ கேட்டகிரியைத் தொடவே கூடாது. மாத்திரைச் சீட்டோடு வருபவர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

விவரப் பகுதியில் 750 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு. தமிழில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். யாருக்கு, எதற்கு, எந்த மொழியில், நேரிலா ஆன்லைனிலா என்பது முதல் இரண்டு வரியில் வந்துவிட வேண்டும். மீதி சுருங்கித்தான் தெரியும். லிங்க் போட அனுமதி இல்லை.

மையம் உண்மையில் இருக்கிறதா என்று கூகுள் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன் இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான். வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: தெருப்பெயர்ப் பலகை அல்லது பக்கத்துக் கடை, உங்கள் பெயர்ப்பலகை, பிறகு சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய் இருக்கை, மேசை, சான்றிதழ். பெயர்ப்பலகையே இல்லாத இடத்தில் இது தோற்றுப்போகும். வாரம் இரண்டு நாள் மட்டும் வாடகைக்கு எடுத்த கோ-ஒர்க்கிங் அறையும் அப்படித்தான். வீடியோ எடுக்கும் நேரத்தில் காத்திருப்பு நாற்காலியில் ஆலோசனைக்கு வந்தவர் யாரும் இருக்கக்கூடாது; மேசை மேல் கேஸ் ஃபைலும் கிடக்கக்கூடாது. சஸ்பெண்ட் ஆனவர் மேல்முறையீடு தொடங்கும் முன்பே பதிவுச் சான்று, மின்கட்டண ரசீது ஆகியவற்றை ஸ்கேன் செய்து கையில் வைத்திருக்க வேண்டும். தொடங்கிய பிறகு ஆதாரம் சேர்க்க 60 நிமிடம்தான் அவகாசம்.

முழுக்க ஆன்லைனில் மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கருவியில் இடமே இல்லை. நேரில் சந்திப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் வெப்சைட்டிலும், அது கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலிலும் உழைப்பைப் போடுவது நல்லது. வீட்டிலிருந்து செய்பவர் முகவரியை மறைத்துக்கொண்டு சேவைப் பகுதிகளாக 20 வரை சேர்க்கலாம். சேர்த்த ஊர்களிலெல்லாம் மேலே வந்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரிசையைத் தீர்மானிப்பவை என்று கூகுள் சொல்வது மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம். இதில் தூரத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. காசு வாங்கிக்கொண்டு இந்த வரிசையில் ஏற்றுவதில்லை என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. மாதக் கட்டணத்துக்கு முதலிடம் உறுதி என்று போன் செய்பவரிடம் இதைச் சொல்லி வைத்துவிடலாம்.

மேப்பில் உங்கள் மையத்தைக் குறிக்கும் ‘பின்’ அடையாளம் விழும் இடத்தை மட்டும் நேரில் நின்று சரிபாருங்கள். மருந்துக்கடை தேடி வருபவர் வழி தவறினால் டீக்கடையில் கேட்டுக்கொள்வார். ஆலோசனைக்கு வருபவர் கேட்க மாட்டார். இரண்டு தரம் தெருவைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் போட்டோக்களில் முதலில் போட வேண்டியது கட்டட வாசல், மாடிப்படி, லிஃப்ட், வண்டி நிறுத்தும் இடம். அடுத்துதான் அறை. 720க்கு 720 பிக்சல் என்பது கூகுளின் பரிந்துரை, அளவு 5 எம்பிக்குள். நெட்டில் எடுத்த ‘தலையில் கைவைத்து அழும் பெண்’ படம் எதற்கும் உதவாது.

இனி ரிவ்யூ. இந்தக் கருவியில் மிகக் கவனமாக நடக்க வேண்டிய இடம் இதுதான். எல்லா மார்க்கெட்டிங் வகுப்பிலும் ‘வந்தவரிடம் எல்லாம் ரிவ்யூ கேளுங்கள்’ என்பார்கள். சிகிச்சையில் இருப்பவரிடம் கேட்கக்கூடாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை 5.05 இதை நேரடியாகத் தடுக்கிறது. அந்த விதி இங்கே கட்டுப்படுத்தாவிட்டாலும் அதன் காரணம் இங்கேயும் பொருந்தும்: உங்களிடம் மனம் திறந்து பேசுபவரால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாது. போதாததற்கு, எழுதுபவரின் பெயரும் படமும் பெரும்பாலும் அப்படியே தெரியும். சின்ன ஊரில் சொந்தக்காரர் கண்ணில் பட எத்தனை நாள் ஆகும்? பயிற்சிப் பட்டறைக்கு அழைத்த பள்ளி, கேஸ் அனுப்பும் மருத்துவர் போன்றோர், தாங்கள் நேரில் கண்டதை அவர்களாகவே எழுதினால் நல்லது. சலுகை கொடுத்து வாங்குவது கூகுள் விதிக்கே எதிரானது.

பதில் எழுதுவதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ‘நீங்கள் போன மாதம் இரண்டு செஷனுக்குத்தானே வந்தீர்கள்’ என்று கோபத்தில் தட்டிவிட்டால், அவர் உங்களிடம் வந்ததை ஊருக்கே உறுதி செய்தாயிற்று. பாராட்டுக்கு ‘வந்ததற்கு நன்றி’ என்று போட்டாலும் அதே கதைதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “ரகசியம் காக்கும் பொறுப்பு இருப்பதால், ஒருவர் இங்கு வந்தாரா என்பதைக்கூட நாங்கள் பொதுவில் சொல்வதில்லை. எங்கள் சேவையில் குறை இருந்தால் மையத்தின் எண்ணில் நேரடியாகச் சொல்லுங்கள், கேட்டுச் சரிசெய்கிறோம்.” பொய்யான ரிவ்யூ என்றால் வாதாடாமல் ரிப்போர்ட் செய்துவிட வேண்டும். எல்லாவற்றையும் கூகுள் நீக்கிவிடாது, அது இந்தச் சேவையின் உண்மையான குறை.

நடுராத்திரியில் தேடுபவர் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கலாம். ப்ரொஃபைலில் நீங்கள் போடும் பதிவுகளின் வாசகத்தில் போன் எண் சேர்க்கக் கூகுள் அனுமதிப்பதில்லை. அதனால் வெப்சைட்டின் மேல்பகுதியிலேயே டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கட்டும். 24 மணி நேரமும் கிடைக்கும் இலவச அரசு சேவை அது.

எத்தனை பேர் தேடினார்கள், அழைத்தார்கள் என்று காட்டும் பெர்ஃபார்மன்ஸ் பகுதி சிறிய மையத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம் தரும். 15க்குக் குறைவாகத் தேடப்பட்ட சொற்களுக்குச் சரியான எண்ணிக்கை வராது, உங்கள் சொற்களில் பலவும் அந்த ரகமாகவே இருக்கும். ‘கால்’ பட்டனை அழுத்தியவரைத்தான் அது எண்ணும். எண்ணைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் வந்தவர் கணக்கில் இல்லை. மாதா மாதம் பார்த்துக் கவலைப்படாமல் மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். முதல் போனிலேயே ‘எங்கே பார்த்தீர்கள்’ என்று கேட்டு நோட்டில் குறித்தால் அதைவிடத் தெளிவு கிடைக்கும்.

இடம் மாறினால் புது ப்ரொஃபைல் தொடங்க வேண்டாம். இருப்பதிலேயே முகவரியைத் திருத்துங்கள். மறுபடி வெரிஃபிகேஷன் கேட்கலாம், ஆனால் பழைய ரிவ்யூக்கள் பெரும்பாலும் கூடவே வரும். ஜஸ்ட்டயல், ப்ராக்டோ, வெப்சைட் மூன்றிலும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய மாடிப்படியை ஏறி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ஒருவர் இறங்கிப் போவார்.