கழற்றிப் பார்க்க முடியாத திருகு

1950-களில் ஸ்வீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் வைத்திருந்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போனார். வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் செயற்கைப் பல் பொருத்தும் இன்றைய பல் இம்பிளான்டின் தொடக்கம் அதுதான். முயலிடம் இழுத்துப் பார்க்கலாம். தாடையில் திருகு வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம், எலும்பு பிடித்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பழைய வழி, பல் மருத்துவர் தன் கருவியின் கைப்பிடியால் திருகைத் தட்டிக் கேட்பது. 'ணங்' என்றால் பிடித்திருக்கிறது. மந்தமாக ஒலித்தால் சந்தேகம். தேங்காய் வாங்கும் அதே வித்தைதான். கேட்ட ஒலியை ஏட்டில் குறித்து வைத்து, அடுத்த மாதம் ஒப்பிட முடியாது என்பதுதான் சிக்கல்.

திருகை ஏற்றும்போது அளக்கும் முறுக்குவிசை எண்ணாகவே கிடைக்கிறது. 35 நியூட்டன் சென்டிமீட்டரைத் தாண்டினால் உடனே பல் பொருத்தலாம் என்று பலர் கொள்கிறார்கள். ஆனால் அது முதல் நாள் இறுக்கம் மட்டுமே. எலும்பு ஒட்டிய பிறகு அளக்க வேண்டுமானால் எதிர்ப்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும். பாதி ஒட்டியது பிய்ந்து போகலாம். அந்தச் சோதனை எனக்கு உடன்பாடில்லை.

உண்மையான போட்டி இரண்டு கருவிகளுக்கு இடையில்தான். ஜெர்மனியில் பிறந்த பெரியோடெஸ்ட், சிறு கம்பியால் நான்கு நொடியில் பதினாறு முறை தட்டுகிறது. பிடிப்பு தளர்ந்திருந்தால் கம்பி சற்று அதிக நேரம் ஒட்டி நிற்கும். அதிலிருந்து -8 முதல் +50 வரை ஓர் எண். குறைந்தால் நல்லது. தட்டும் உயரமும் கோணமும் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

மற்றது, ஆய்வாளர் நீல் மெரிடித் 1990-களில் கொண்டுவந்த அதிர்வெண் முறை; சந்தையில் அதன் பெயர் ஆஸ்டெல். உச்சியில் காந்தம் வைத்த குட்டி முளையை விரல் இறுக்கத்தில் இம்பிளான்டின் மேல் திருகுகிறார்கள். கருவியின் முனையைத் தொடாமல் அருகே நீட்டினால் காந்தத் துடிப்பில் முளை அதிர்கிறது; அந்த அதிர்வெண்ணிலிருந்து திரையில் 1 முதல் 100 வரை ஐஎஸ்கியூ எனும் உறுதி எண் வருகிறது. 70-க்கு மேல் உறுதி; 60-க்குக் கீழே பொறுக்க வேண்டும். திரும்பத் திரும்ப அளந்தாலும் எண் அதிகம் தடுமாறுவதில்லை. என் வாக்கு இதற்கே.

ஆனாலும் இது அளப்பது விறைப்பை, ஒட்டுதலை அல்ல. அடர்ந்த கீழ்த்தாடையில் முதல் நாளே 75 காட்டும்; அன்று ஓர் எலும்புச் செல்கூட ஒட்டியிருக்காது. பழைய எலும்பு கரைந்து புதியது வளரும் மூன்று, நான்காவது வாரங்களில் எண் சற்று இறங்குவதும் இயல்பு. 72, 66, 71 என்று போனால் கவலையில்லை. 72, 66, 58 என்றால் பல் பொருத்துவதைத் தள்ளிப்போட வேண்டும். முதல் நாள் எண்ணைக் குறிக்காமல் விட்டவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

எக்ஸ்ரே? திருகின் இரு பக்கவாட்டு எலும்பை மட்டும் காட்டும். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் உலோக நிழலில் மறைந்துவிடும். ஒட்டிவிட்டதா என்று கேட்டால் அது தாமதமாகவே பதில் சொல்லும். முதல் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு தேய்கிறதா என்று பார்க்க, அதை விட்டால் வேறு ஆள் இல்லை.